சின்தசைசர் ஒலி: அலைவடிவம் கால், என்வலப் முக்கால்

சின்தசைசர் என்பது மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவி. எந்த சின்தசைசரைத் திறந்தாலும், அது மேசைமேல் நிற்கும் கருவியாக இருந்தாலும் சரி, கணினியில் ஓடும் மென்பொருளாக இருந்தாலும் சரி, முதலில் கண்ணில் படுவது ஆசிலேட்டர், அதாவது அலையை உருவாக்கும் பகுதியில் வரைந்திருக்கும் நான்கு குட்டிப் படங்கள்தான். வழவழப்பான ஒரு வளைவு, ஒரு முக்கோணம், ஒரு சதுரம், ரம்பப் பல் போல ஒன்று. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த நான்கிலேயே மணிக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். சதுரமா, ரம்பப் பல்லா என்று மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு, "எல்லாமே பழைய வீடியோ கேம் சத்தம் மாதிரிதான் இருக்கிறது" என்று சலித்துக்கொண்டு ப்ரீசெட், அதாவது முன்பே செய்துவைத்த ஒலிகளின் பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள்.

அவர்கள் காதில் கோளாறு ஒன்றும் இல்லை. மாறாமல் ஓடிக்கொண்டே இருக்கும் அலை, எந்த வடிவமாக இருந்தாலும், கேட்க அப்படித்தான் இருக்கும். ஓர் ஒலியைப் பியானோ என்றோ, குழல் என்றோ, டிரம் என்றோ காது முடிவு செய்வதில் அலைவடிவத்துக்குப் பங்கு உண்டுதான். ஆனால் அந்த ஒலி எப்படித் தொடங்குகிறது, நடுவில் எப்படி மாறுகிறது, எப்படி அடங்குகிறது என்பதற்கு அதைவிடப் பெரிய பங்கு. நேரத்தோடு ஒலி மாறும் இந்தப் போக்கை வடிவமைப்பதுதான் என்வலப். என் கணக்கில் அலைவடிவம் கால்வாசி, என்வலப் முக்கால்வாசி. கால்வாசியை முதலில் பார்த்துவிடுவோம். அது தெரியாமல் மிச்சம் பிடிபடாது.

படத்தில் தெரியாத ஹார்மோனிக்குகள்

இருப்பதிலேயே எளியது சைன் அலை. 110 ஹெர்ட்ஸ் சைன் அலையில் 110 ஹெர்ட்ஸ் மட்டும்தான் இருக்கிறது, வேறொன்றும் கிடையாது. ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டிவிட்டுச் சில விநாடிகள் கழித்துக் கேட்டால் கிட்டத்தட்ட இதுதான் கேட்கும். வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஃபிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜோசஃப் ஃபூரியே, திரும்பத் திரும்ப வரும் வடிவத்தைப் பல சைன் அலைகளின் கூட்டாகப் பிரித்து எழுதலாம் என்பதை 1822-இல் வெளியான தன் நூலில் விரித்துக் காட்டினார். 1863-இல் ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதை இசைக்குக் கொண்டுவந்தார். ஒரே சுரத்தை வாசிக்கும் இரண்டு கருவிகள் வேறு வேறாகக் கேட்பதற்கு, அவற்றில் எந்தெந்த ஹார்மோனிக், அதாவது அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளில் வரும் சைன் அலை, எவ்வளவு கலந்திருக்கிறது என்பதே காரணம் என்றார்.

இப்போது ரம்பப் பல் அலை, அதாவது சா-டூத். அதே 110 ஹெர்ட்ஸ் சுரத்தைச் சா-டூத்தில் வாசித்தால் 110, 220, 330, 440, 550 என்று முழு வரிசையும் வருகிறது. இரண்டாவது ஹார்மோனிக்கின் வீச்சு முதலாவதில் பாதி, மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு, நான்காவது கால் பங்கு, இப்படியே இறங்குகிறது. இந்த இறக்கம் மெதுவானது. நூறாவது ஹார்மோனிக்கான 11,000 ஹெர்ட்ஸில்கூட நூறில் ஒரு பங்கு மிச்சம் இருக்கிறது. சா-டூத் அவ்வளவு கூர்மையாகக் கேட்பது இதனால்தான். வயலின் மாதிரி, பித்தளை ஊதுகருவி மாதிரி, அடர்த்தியான எதைச் செய்ய வேண்டும் என்றாலும் கை முதலில் சா-டூத்துக்குப் போவதும் இதனால்தான்.

சதுர அலையில் ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் மட்டுமே உண்டு. 110, 330, 550, 770. இடையில் உள்ள இரட்டைப்படைகள் காணாமல் போவதால் உள்ளே ஏதோ வெற்றிடம் இருப்பதுபோல ஒரு தொனி வருகிறது. ஒரு முனை மூடிய குழாய்போல வேலை செய்யும் கிளாரினெட்டின் கீழ்ஸ்தாயியில் இதே குணத்தைக் கேட்கலாம். முக்கோண அலையிலும் ஒற்றைப்படைகள்தான், ஆனால் இறக்கம் செங்குத்தானது. மூன்றாவது ஹார்மோனிக் ஒன்பதில் ஒரு பங்கு, ஐந்தாவது இருபத்தைந்தில் ஒரு பங்கு. அதனால் சைனுக்குப் பக்கத்து வீடு என்றே சொல்லலாம். மெல்லிய குழல் ஒலிக்கும் அடியில் போடும் பேஸுக்கும் உதவும், அதற்குமேல் அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

சதுர அலையில் ஒரு கூடுதல் வசதி இருக்கிறது. ஒரு சுற்றில் எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது, எவ்வளவு நேரம் கீழே நிற்கிறது என்ற விகிதத்தை மாற்றலாம். பாதிக்குப் பாதி என்றால் ஒவ்வொரு இரண்டாவது ஹார்மோனிக்கும் காணாமல் போகும். மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தால் ஒவ்வொரு மூன்றாவதும், கால் பங்கு என்றால் ஒவ்வொரு நான்காவதும். பத்தில் ஒரு பங்குக்குக் கொண்டுபோனால் மூக்கால் பாடுவதுபோல மெலிந்த, கீச்சென்ற ஒலி. இந்த விகிதத்தை ஒரே இடத்தில் நிறுத்தாமல் மெதுவாக அசைத்துக்கொண்டே இருந்தால் ஹார்மோனிக்குகள் மாறி மாறி மறைந்து தோன்றும். ஓர் ஆசிலேட்டரே இரண்டு சேர்ந்து ஒலிப்பதுபோல ஒரு பிரமை உண்டாகும்.

சரி, இங்கேதான் அந்தக் குட்டிப் படங்கள் நம்மை ஏமாற்றுகின்றன. சதுர அலையின் ஹார்மோனிக்குகளை அதே அளவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் தொடங்கும் கட்டத்தை மட்டும் இஷ்டத்துக்கு நகர்த்திப் பாருங்கள். திரையில் சதுரம் இருந்த இடமே தெரியாது, கோணல்மாணலான ஏதோ ஒரு வளைவு நிற்கும். ஆனால் தொடர்ந்து ஒலிக்கும் சுரமாகக் கேட்டால் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. காது வடிவத்தைப் பார்ப்பதில்லை. எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்றுதான் எடைபோடுகிறது. ஆகவே அலைவடிவத்தைப் படமாக மனப்பாடம் செய்வதைவிட, "இதில் எந்தெந்த ஹார்மோனிக் இருக்கிறது" என்ற பட்டியலாக நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. எந்த அதிர்வெண் எவ்வளவு என்று வரைந்து காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் ஒன்றைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

நாய்ஸ் தனி இனம். அதற்குச் சுரமே இல்லை, எல்லா அதிர்வெண்ணும் தாறுமாறாகக் கலந்தது. வெள்ளை நாய்ஸில் எந்தப் பகுதியை எடுத்தாலும் ஒரு ஹெர்ட்ஸுக்கு ஒரே ஆற்றல். பிங்க் நாய்ஸ் ஒவ்வொரு ஆக்டேவுக்கும், அதாவது அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், 3 டெசிபெல் இறங்குவதால் காதுக்கு இதமாக இருக்கும். காற்று, அலையோசை, டிரம் செட்டில் வரும் ஹை-ஹாட் தாளம், ஸ்னேர் டிரம் எல்லாவற்றுக்கும் இதுதான் மூலப்பொருள்.

கணினியில் வேலை செய்கிறவர்களுக்கு இடையில் ஒரு எச்சரிக்கை. கணிதப் புத்தகத்தில் உள்ள சா-டூத்துக்கு முடிவே இல்லாமல் ஹார்மோனிக்குகள் உண்டு. ஆனால் விநாடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் டிஜிட்டல் ஒலியில் 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் எதற்கும் இடம் கிடையாது. அதைத் தாண்டிப் போவது மறைந்துவிடாமல் மடங்கிக் கீழே விழும். 3,000 ஹெர்ட்ஸ் சுரத்தின் பதினான்காவது ஹார்மோனிக் 42,000. அது 44,100-இலிருந்து கழிந்து 2,100 ஹெர்ட்ஸாகத் திரும்பி வரும். 3,000-க்கும் 2,100-க்கும் எந்த ஒட்டும் இல்லை, அதனால் அபஸ்வரம். உயர்ந்த சுரங்களில் ஒரு மென்பொருள் சின்தசைசர் கரகரவென்று உலோக வாடையோடு கேட்டால் பெரும்பாலும் காரணம் இதுதான். நன்றாக எழுதப்பட்ட மென்பொருள்கள் இந்த ஹார்மோனிக்குகளை முன்கூட்டியே கத்தரித்துவிடுகின்றன.

ஃபில்டர் சுருக்கமாக

பெரும்பாலான சின்தசைசர்கள் வேலை செய்யும் விதம் கழித்தல் கணக்கு. ஹார்மோனிக் நிறைந்த அலையை எடுத்து, வேண்டாததை ஃபில்டரால் குறைப்பது. லோ-பாஸ் ஃபில்டர் கட்-ஆஃப் என்ற எல்லைக்குக் கீழே உள்ளதை விட்டுவிட்டு மேலே உள்ளதை அமுக்கும். எவ்வளவு கடுமையாக அமுக்கும் என்பதை ஓர் ஆக்டேவுக்கு இத்தனை டெசிபெல் என்று சொல்வார்கள். சின்தசைசர் முன்னோடி ராபர்ட் மூக் வடிவமைத்த புகழ்பெற்ற ஃபில்டர் 24 டெசிபெல் வகை. கட்-ஆஃப் 1,000 ஹெர்ட்ஸில் இருந்தால் 2,000 ஹெர்ட்ஸில் உள்ளதின் வீச்சு ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காகிவிடும். 12 டெசிபெல் வகை இவ்வளவு கறார் இல்லை, மேலே கொஞ்சம் பளபளப்பை விட்டுவைக்கும்.

இதைக் கேட்க சின்தசைசரே வேண்டாம். "ஆ" என்று ஒரே சுருதியில் நீட்டிக்கொண்டே, நிறுத்தாமல் வாயைக் குவித்து "ஊ"-வுக்கு வாருங்கள். தொண்டையில் அதிர்வு அப்படியேதான் இருக்கிறது. வாயும் நாக்கும் மாறியதால் மேல் அதிர்வெண்கள் அடங்கிவிட்டன. கட்-ஆஃப் குமிழை இடதுபக்கம் திருகினால் நடப்பதும் இதே வகைதான். ரெசனன்ஸ் குமிழ் கட்-ஆஃபுக்கு அருகில் உள்ள ஹார்மோனிக்குகளைத் தூக்கிக் காட்டும். முழுவதும் ஏற்றினால் சில ஃபில்டர்கள் தாமே சைன் அலையாகப் பாட ஆரம்பித்துவிடும்.

இவ்வளவு தெரிந்தும் கையில் இருப்பது இன்னும் ஹாரன் சத்தம்தான். கீயை அழுத்தினால் சட்டென்று வருகிறது, விட்டால் சட்டென்று நிற்கிறது.

என்வலப் வந்த கதை

1964-இல் மூக்கும் இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சும் சேர்ந்து முதல் கருவியைச் சோதித்துக்கொண்டிருந்தபோது இதே சிக்கல்தான் வந்தது. ஆசிலேட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. அதை இசையாக்க ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் தேவைப்பட்டது. டாய்ச் பக்கத்துக் கடையிலிருந்து வாங்கிவந்த அழைப்புமணிப் பொத்தானைத்தான் அப்போதைக்குத் தூண்டும் விசையாக வைத்தார்கள். மறு ஆண்டு, கொலம்பியா-பிரின்ஸ்டன் மின்னணு இசை மையத்தில் இருந்த விளாடிமிர் உசச்செவ்ஸ்கி தனக்கு வேண்டிய கருவியை விவரித்து மூக்கிடம் கேட்டார். ஏறும் நேரம், முதல் இறக்கத்தின் நேரம், நிற்கும் அளவு, கடைசி இறக்கத்தின் நேரம். பிறகு ஏஆர்பி என்ற சின்தசைசர் நிறுவனம் இதை அட்டாக், டிகே, சஸ்டெய்ன், ரிலீஸ் என்று சுருக்கியது. ஏடிஎஸ்ஆர் என்று இன்றைக்கும் எல்லாப் பலகையிலும் இருப்பது அதுவே.

இந்த நான்கில் மூன்று நேரத்தைக் குறிப்பவை, ஒன்று மட்டும் அளவைக் குறிப்பது. அட்டாக், டிகே, ரிலீஸ் மூன்றும் எத்தனை மில்லிவிநாடி என்று சொல்கின்றன. சஸ்டெய்ன் மட்டும் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று சொல்கிறது, எவ்வளவு நேரம் என்பதைக் கீயை அழுத்தியிருக்கும் விரல் முடிவு செய்கிறது. நான்கு குமிழும் ஒரே மாதிரி வரிசையாக நிற்பதால் இது சட்டென்று பிடிபடாது. சஸ்டெய்ன் முழு உயரத்தில் இருந்தால் டிகே குமிழை எவ்வளவு திருகினாலும் ஒன்றும் மாறாது, இறங்குவதற்கு இடமே இல்லை. "டிகே வேலை செய்யவில்லை" என்று புலம்புகிறவர்களுக்கு இதுதான் விடை. 1970-இல் வந்த மினிமூக்கில் ரிலீஸுக்குத் தனிக் குமிழே இல்லை. டிகே நேரத்தையே ரிலீஸுக்கும் பயன்படுத்த ஒரு சுவிட்ச் மட்டும் இருந்தது. அதை வைத்துக்கொண்டே எத்தனையோ பேர் எத்தனையோ ஒலிகளைச் செய்துவிட்டார்கள்.

ஒரே சா-டூத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஃபில்டரைத் தொட வேண்டாம். அட்டாக் 1 மில்லிவிநாடி, டிகே 300, சஸ்டெய்ன் சுழியம் என்று வைத்தால் மீட்டிய கம்பி. அட்டாக் 800, சஸ்டெய்ன் முக்கால்வாசி, ரிலீஸ் 1,500 என்றால் பின்னணியில் விரியும் ஸ்ட்ரிங்ஸ். அட்டாக் சுழியம், சஸ்டெய்ன் முழுசு, ரிலீஸ் சுழியம் என்றால் ஆர்கன். அலையில் ஒரு துளியும் மாறவில்லை.

இறங்கும் கோட்டின் வளைவையும் கவனிக்க வேண்டும். பழைய அனலாக் கருவிகளில் என்வலப் என்பது அடிப்படையில் மின்தேக்கி ஒன்று நிரம்புவதும் வடிவதும்தான். அதனால் இறக்கம் முதலில் விறுவிறுவென்றும், போகப்போக மெதுவாகவும் நடக்கும். தட்டிய கம்பியும் தோலும் அடங்குவதும் இப்படியே. நேர்கோட்டில் இறங்கும் என்வலப் காதுக்கு வெகுநேரம் சத்தமாக இருந்துவிட்டு, கடைசியில் திடீரென்று கீழே விழுந்ததுபோலத் தோன்றும். மென்பொருளில் வளைவை மாற்றும் வசதி இருந்தால் முதலில் அங்கே போங்கள், புதிய அலைவடிவம் தேடுவதைவிட அது அதிக பலன் தரும்.

அட்டாக்கைச் சுழியத்தில் வைத்தால் சில சமயம் "டிக்" என்று ஒரு சத்தம் முந்திக்கொண்டு வரும். பழுது ஒன்றும் இல்லை. ஒலி இல்லாத நிலையிலிருந்து அலையின் நடுவே நேராகக் குதித்தால், அந்தக் குதிப்பில் எல்லா அதிர்வெண்களும் ஒரு கணம் சிதறும். 2 முதல் 5 மில்லிவிநாடி அட்டாக் கொடுத்தால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் டிரம் செய்யும்போது அந்த "டிக்"தான் வேண்டும், போக்கிவிடாதீர்கள்.

தொடக்கத்தை வெட்டினால்

ஃபிரெஞ்சு வானொலியில் பணியாற்றிய பியர் ஷேஃபர் 1948-இல் பதிவுசெய்த மணியோசை ஒன்றிலிருந்து நாக்கு மோதும் அந்த முதல் கணத்தை மட்டும் நீக்கிக் கேட்டார். மிச்சம் இருந்தது மணியாகக் கேட்கவில்லை, குழல்போல ஊதுகருவி ஒன்றின் ஒலியாகத் தோன்றியது. அமெரிக்காவில் 1964-இல் கென்னத் பெர்கர் ஒரு பக்கமும், சல்தானாவும் கோர்சோவும் சேர்ந்து மறுபக்கமும் இதை முறைப்படி சோதித்தார்கள். பல கருவிகளின் ஒலிகளைத் தொடக்கம் வெட்டிப் போட்டுக்காட்டியபோது, எது எந்தக் கருவி என்று சொல்லக் கேட்பவர்கள் தடுமாறினார்கள். பியானோ பதிவைத் தலைகீழாக ஓடவிட்டுப் பாருங்கள். ஹார்மோனிக்குகள் அனைத்தும் அப்படியே இருந்தும், பியானோ என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

தமிழ் பேசுகிறவருக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. பா, மா, வா மூன்றிலும் உயிர் ஒன்றே, எவ்வளவு நேரம் நீட்டினாலும் நீள்வது அந்த ஆகாரம்தான். முன்னால் நொடியில் வந்துபோகும் மெய்தான் சொல்லையே மாற்றுகிறது. வல்லினப் பகரம் அடைத்துத் திறக்கும், மெல்லின மகரம் மூக்கு வழியாக வழுக்கி வரும், இடையின வகரம் நடுவாக நழுவும். இலக்கணம் தனி மெய்க்கு அரை மாத்திரைதான் கொடுக்கிறது, பொருளோ அந்த அரை மாத்திரையில் இருக்கிறது. அட்டாக் என்பது ஒலியின் மெய்.

இந்தப் பாடத்தை வியாபாரமாக்கியது ஜப்பானிய நிறுவனமான ரோலண்டின் டி-50 சின்தசைசர், 1987-இல். அப்போது நினைவகம் கொள்ளை விலை. முழு ஒலிகளையும் பதிவுசெய்து வைக்க முடியாது. ஆகவே தொடக்கத் துணுக்கை மட்டும் நிஜப் பதிவிலிருந்து எடுத்து, பின்னால் நீளும் பகுதியைச் சாதாரண சின்தசைசர் அலையாகவே ஒட்டினார்கள். தொடக்கம் நிஜமாக இருந்தால் மிச்சத்தையும் நிஜம் என்று காது நம்பிவிடும் என்பது கணக்கு. கணக்குத் தப்பவில்லை.

இரண்டாவது என்வலப்

ஒலியளவுக்கு ஒரு என்வலப் போதும் என்று நின்றுவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய கதைதான். பெல் ஆய்வகத்தில் ஜான்-க்ளோட் ரீசே 1960-களின் நடுவில் டிரம்பெட் ஒலியைக் கணினியில் உருவாக்க முயன்றார். டிரம்பெட்டின் ஹார்மோனிக் அளவுகளை அளந்து, அவற்றை நிலையாக வைத்து வாசித்தால் டிரம்பெட் வரவில்லை. ஆராய்ந்து பார்த்தபோது, உயர்ந்த ஹார்மோனிக்குகள் கீழ் ஹார்மோனிக்குகளைவிடச் சற்றுத் தாமதமாக வருவதும், ஒலி வலுக்க வலுக்க அவற்றின் பங்கு கூடுவதும் தெரிந்தது. பித்தளைக் கருவியின் அடையாளம் அந்த மாற்றத்தில் இருந்தது.

சின்தசைசரில் இதைச் செய்ய எளிய வழி, இரண்டாவது என்வலப்பை எடுத்து ஃபில்டரின் கட்-ஆஃபில் மாட்டுவது. இரண்டு சா-டூத், கட்-ஆஃப் 400 ஹெர்ட்ஸ் அளவில் தாழ்வாக, ஃபில்டர் என்வலப்பின் அட்டாக் 60 மில்லிவிநாடி, ஒலியளவின் அட்டாக் அதைவிடக் குறைவாக 15 அல்லது 20. ஒலி முதலில் மங்கலாக வந்து உடனே வாய் திறக்கும். "ஃபாஅ" என்று கேட்டால் சரியாக வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். கீயை எவ்வளவு வலுவாக அழுத்துகிறோம் என்பதையும் இந்த என்வலப்பின் அளவோடு இணைத்துவிட்டால், மெதுவாகத் தொட்டால் மங்கலாகவும் ஓங்கி அடித்தால் பளிச்சென்றும் பேசும். ரீசே கண்டது விரலுக்கு வந்துவிடும். அழுத்தத்தை வெறும் ஒலியளவோடு மட்டும் இணைத்திருக்கும் ப்ரீசெட்டுகள் ஏன் அட்டைப்பெட்டி போலக் கேட்கின்றன என்பதும் இப்போது புரியும்.

இந்த ஒரே உத்தியில் உயிர்வாழ்ந்த கருவியும் உண்டு. 1981-இல் வந்த ரோலண்டின் டிபி-303. ஒரே ஆசிலேட்டர், சா-டூத் அல்லது சதுரம். என்வலப் என்று திருகக் கிடைத்தது ஒற்றை டிகே குமிழ். அட்டாக், சஸ்டெய்ன், ரிலீஸ் குமிழ்களே கிடையாது. கிடார்க்காரர்களுக்குத் துணையாக பேஸ் வாசிக்கும் பெட்டி என்று விற்கப் பார்த்தார்கள், யாரும் சீண்டவில்லை. சிகாகோ இளைஞர்கள் அதை மலிவாக வாங்கி, ரெசனன்ஸை ஏற்றி, கட்-ஆஃபையும் டிகேயையும் ஓடும்போதே திருகியபோது 1980-களின் இறுதியில் ஆசிட் ஹவுஸ் என்றொரு இசை வகையே பிறந்தது. அலைவடிவம் எதுவும் புதிதில்லை. ஒவ்வொரு சுரத்திலும் ஃபில்டர் மூடும் வேகம்தான் புதிது.

எஃப்எம், அதாவது ஓர் அலையால் இன்னொன்றின் அதிர்வெண்ணை அசைக்கும் வகையிலும் கதை இதுதான். ஸ்டான்ஃபோர்டில் ஜான் சவுனிங் 1967-இல் சுருதியின் அசைவை வேகமாக்கிக்கொண்டே போனபோது, ஓர் எல்லைக்கு மேல் சுரத்தின் நடுக்கம் மறைந்து புதிய தொனி பிறப்பதைக் கவனித்தார். ஒரு சைன் அலை மற்றொன்றின் அதிர்வெண்ணை அசைக்கும்போது பக்கவாட்டில் புதிய அதிர்வெண்கள் முளைக்கின்றன. எவ்வளவு அழுத்தமாக அசைக்கிறோமோ அவ்வளவு முளைக்கும். அசைக்கும் அலைக்கே ஒரு என்வலப் கொடுத்தால் ஃபில்டர் இல்லாமலேயே ஒலி பளிச்சென்று தொடங்கி மங்கும். 1983-இல் யமஹா இதை டிஎக்ஸ்7 ஆக்கியபோது ஆபரேட்டர் எனப்படும் ஆறு சைன் அலைகளுக்கும் தனித்தனி என்வலப் வைத்தது, அதுவும் நான்கு வேகம், நான்கு அளவு கொண்டது. அந்தக் கருவியை நிரல்செய்வது தலைவலி என்று பெயர் வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். அதன் எலக்ட்ரிக் பியானோ ஒலி எண்பதுகளின் பாடல்களில் நிறைந்து கிடந்ததற்கும் இதே என்வலப்கள்தான் காரணம்.

சைனிலிருந்து ஒரு கிக் டிரம்

என்வலப்பைச் சுருதியில் மாட்டினால் என்ன ஆகும்? டிரம் செட்டில் காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம் வரும். இதை ஒருமுறை கையால் செய்து பார்ப்பது பத்துக் கட்டுரைக்குச் சமம்.

ஒரு சைன் அலை. சுருதி 50 ஹெர்ட்ஸ். ஒலியளவு என்வலப்பில் அட்டாக் சுழியம், டிகே 350 மில்லிவிநாடி, சஸ்டெய்ன் சுழியம். இப்போது வாசித்தால் "ம்ம்" என்று ஒரு முனகல், அவ்வளவே. 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று முடியவே 20 மில்லிவிநாடி ஆகிறது, காது பிடித்துக்கொள்ளத் தொடக்கத்தில் ஒன்றும் இல்லை. இனி சுருதிக்கு ஒரு என்வலப் கொடுங்கள். 250 ஹெர்ட்ஸில் தொடங்கி 60 மில்லிவிநாடியில் 50-க்கு விழட்டும். முனகல் "தும்" ஆகிவிடும். விழும் நேரத்தை 20 ஆக்கினால் "தப்", கெட்டியாக, வறட்சியாக. 300 ஆக்கினால் டிரம் போய், "பியூ" என்று சினிமா லேசர் துப்பாக்கி வந்துவிடும். 60-க்குத் திரும்பி, ஒலியளவின் டிகேயை மட்டும் 1,200 வரை நீட்டினால் ரோலண்ட் டிஆர்-808 டிரம் இயந்திரம் வழியாகப் பிரபலமான, அடிவயிற்றைத் தொடும் நீண்ட பேஸ் கிக். ஒலியின் குணம் முழுக்க இரண்டே எண்களில் நிற்கிறது, இரண்டும் நேரம் சார்ந்தவை.

ஸ்னேருக்கு 200 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒரு குட்டைச் சுரத்தோடு, அதைவிடச் சற்று நீளமான டிகே கொண்ட நாய்ஸைச் சேர்க்கலாம். ஹை-ஹாட்டுக்கு நாய்ஸின் கீழ்ப்பகுதியை வெட்டிவிட்டு 40 மில்லிவிநாடி டிகே. டிகேயை 400 ஆக்கினால் அதுவே திறந்த ஹை-ஹாட். 808-இல் இதற்கு நாய்ஸுக்குப் பதில் ஒன்றுக்கொன்று பொருந்தாத ஆறு சதுர அலைகளைக் கலந்தார்கள். அந்த உலோகச் சிணுக்கம் அங்கிருந்து வருகிறது.

நீளும் சுரத்துக்குள் என்ன நடக்கிறது

என்வலப் சஸ்டெய்னில் வந்து நின்றுவிட்டால் ஒலி மறுபடியும் உறைந்துவிடும். அங்கே அசைவு கொடுக்கத்தான் எல்எஃப்ஓ. கேட்க முடியாத அளவுக்கு மெதுவாக, பெரும்பாலும் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓடும் ஆசிலேட்டர். 5 அல்லது 6 ஹெர்ட்ஸில் சுருதியை லேசாக அசைத்தால் பாடகர்களின் வைப்ரேட்டோ வேகம். அதை சுரத்தின் தொடக்கத்திலேயே வைக்காமல் அரை விநாடி தள்ளி நுழைய விட்டால் மனிதர் வாசிப்பதுபோல இருக்கும்.

எனக்குப் பிடித்த அசைவு எல்எஃப்ஓ தருவது அல்ல, இரண்டு ஆசிலேட்டர்கள் ஒட்டாமல் நிற்பதில் வருவது. ஒரு சா-டூத் 110 ஹெர்ட்ஸ், இன்னொன்று 110.5. அடிப்படைச் சுரங்கள் இரண்டும் இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும். இரண்டாவது ஹார்மோனிக்குகள் 220-உம் 221-உம், அவை விநாடிக்கு ஒருமுறை. பத்தாவது ஹார்மோனிக்குகளுக்குள் இடைவெளி 5 ஹெர்ட்ஸ், விநாடிக்கு ஐந்து முறை. ஒவ்வொரு ஹார்மோனிக் ஜோடியும் தன் தன் வேகத்தில் அலைவதால் ஒட்டுமொத்த ஒலி ஒரு கணம் இருந்ததுபோல மறுகணம் இருப்பதில்லை. ரோலண்ட் ஜேபி-8000 கருவி 1996-இல் ஏழு சா-டூத்தை இப்படிச் சிறிது சிறிது விலக்கி ஒரே பொத்தானில் கொடுத்தது. சூப்பர்சா என்ற பெயரில் டிரான்ஸ் என்ற மின்னணு நடன இசையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இதை சைன் அலைகளில் செய்தால் வெறும் ஏற்ற இறக்கம்தான் மிஞ்சும், அலைய அங்கே வேறு ஹார்மோனிக் இல்லை. அலைவடிவத் தேர்வு உண்மையிலேயே கைகொடுக்கும் இடங்களில் இது ஒன்று.

ப்ரீசெட்டைப் பிரித்துப் பார்க்க

பழக, சர்ஜ் எக்ஸ்டி போன்ற இலவச மென்பொருள் ஒன்று தாராளமாகப் போதும். பிடித்த ப்ரீசெட் ஒன்றைத் திறந்து முதலில் எதிரொலியும் அடர்த்தியும் சேர்க்கும் ரிவெர்ப், டிலே, கோரஸ் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பாதிப் பிரம்மாண்டம் அங்கேயே போய்விடும். அடுத்து ஃபில்டர் என்வலப்பின் அளவைச் சுழியமாக்குங்கள். அப்புறம் ஒலியளவு என்வலப்பை ஆர்கன் மாதிரி ஆக்குங்கள், அட்டாக் சுழியம், சஸ்டெய்ன் முழுசு. பல ப்ரீசெட்டுகளில் இப்போது மிஞ்சுவது ஒன்றிரண்டு சா-டூத்தும் கொஞ்சம் நாய்ஸும்தான். நீக்கியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தால், எந்தக் குமிழ் எந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது என்று தெரிந்துவிடும். காதால் கேட்டு ஓர் ஒலியைப் போலச் செய்யும்போதும் இதே வரிசையில் கேட்பது நல்லது: எப்படித் தொடங்குகிறது, எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது, பளபளப்பு கூடுகிறதா குறைகிறதா, கடைசியில்தான் எந்த அலை என்பது.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் ஒலி அசைந்துகொண்டே இருக்கிறதா? அப்படியானால் அசைவு ஆசிலேட்டருக்குள்ளேயே இருக்கிறது. வேவ்டேபிள் வகையாக இருந்தால், வரிசையாக அடுக்கிய பல அலைவடிவங்களின் ஊடே ஏதோ ஒரு என்வலப்போ எல்எஃப்ஓ-வோ நகர்ந்துகொண்டிருக்கும். மாடுலேஷன் பட்டியலைத் திறந்து "பொசிஷன்" என்ற குமிழோடு எது இணைந்திருக்கிறது என்று பாருங்கள், அந்த இணைப்பை அறுத்துவிட்டு மறுபடியும் கேளுங்கள்.